முதல் நான்கு எழுத்துகள் எங்கே போயின?

கேள்வி: ஐயா, நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப், எல்எம்35 வெப்ப சென்சார், 16 எழுத்து 2 வரி எல்சிடி வைத்து ஒரு வெப்பமானி செய்தேன். நிரல் நானே சி மொழியில் எழுதியது. ஆங்கிலத்தில் ‘டெம்ப்’ என்று நான்கு எழுத்து, பக்கத்தில் எண், வினாடிக்கு ஒருமுறை திரையைத் துடைத்து மறுபடி எழுதும். சிப்பின் உள்கடிகாரத்தில் நன்றாக ஓடியது. வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு அதைக் கடிகாரமாக்கிய பிறகு அந்த நான்கு எழுத்தையும் காணோம். எண் மட்டும் இடது ஓரம் வந்து நிற்கிறது. திரை சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. ரீசெட் அழுத்தினால் எப்போதாவது திரை முழுக்கக் கிறுக்கல், சப்ளையை நிறுத்திப் போட்டால் தெளிகிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் எழுத்துக்கும் பிறகு 5 மில்லி வினாடி இடைவெளி விட்டிருக்கிறேன். வேறு எல்சிடி மாற்றியும் அதே கதை.
— ராஜபாளையம் வாசகர்

பதில்: இன்னொரு எல்சிடி வாங்கிவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது நல்ல எல்சிடி, ஒயரிங்கும் சரி. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘சிமிட்டிக்கொண்டே இருக்கிறது’ என்பதுதான் விடை. வினாடிக்கு ஒருமுறை மாற வேண்டியது ஏன் சிமிட்ட வேண்டும்? நிரலில் ஒரு வினாடி என்று எழுதியிருப்பது வெளியே ஒரு வினாடியாக இல்லை.

நிரலின் தொடக்கத்தில் எஃப்_சிபியு என்ற வரியைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் கம்பைலர் (நிரலை சிப்புக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) ஒவ்வொரு காத்திருப்புக்கும் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. சிப் உண்மையில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. புதிய ஏடிமெகா328பி உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படிதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. நீங்கள் ஃபியூஸை (சிப்புக்குள் கடிகாரத்தைத் தேர்வு செய்யும் அமைப்பு, கம்பி ஃபியூஸ் அல்ல) மாற்றிக் கிரிஸ்டலுக்குப் போனீர்கள். அந்த வரி 1 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிட்டது. வரியே எழுதாமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான்: இந்தச் சிப் குடும்பத்துக்கான ஏவிஆர் லைப்ரரி ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு 1 மெகாஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். ஆக உங்கள் 5 மில்லி வினாடி பதினாறில் ஒரு பங்காகி, சுமார் 0.31 மில்லி வினாடிதான்.

இப்போது காணாமல் போன எழுத்துகளுக்கு வருவோம். இந்த வகை எல்சிடிகளில் இருப்பது ஹிட்டாச்சியின் எச்டி44780 அல்லது அதை ஒத்த கண்ட்ரோலர். ஓர் எழுத்தை ஏற்க அதற்கு 40 மைக்ரோ வினாடி போலத்தான் தேவை. திரையைத் துடைக்கும் கிளியர் கட்டளைக்கோ சுமார் 1.52 மில்லி வினாடி. அதுவரை வரும் எதையும் அது காதில் வாங்காது. கிளியருக்குப் பிறகு உங்கள் எழுத்துகள் 0.31, 0.62, 0.93, 1.25 மில்லி வினாடிகளில் போய்க் கதவைத் தட்டுகின்றன, நான்கும் வீண். ஐந்தாவது 1.56-ல் போகிறது, கதவு திறந்திருக்கிறது. தவறிய எழுத்துக்குக் கர்சர் நகராது, அதனால்தான் எண் இடது ஓரம் வந்துவிட்டது. நீங்கள் எழுதிய அறிகுறி இவ்வளவு துல்லியமாகக் கணக்கோடு பொருந்துவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ரீசெட் கிறுக்கலுக்கும் வேர் இதுதான். எல்சிடிக்கு நான்கே தரவு ஒயர் போடும் முறையில் ஒவ்வொரு பைட்டும் (8 பிட்) நான்கு நான்கு பிட்டாக இரண்டு பாதியாகப் போகிறது. சரியாக இரண்டு பாதிக்கும் நடுவில் ரீசெட் விழுந்தால், சிப் புதிதாகத் தொடங்கிவிடும். சப்ளை போகாத எல்சிடி மட்டும் மறுபாதிக்காகக் காத்திருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் தொடக்கத்தில் 3 என்ற பாதியை மூன்று முறை அனுப்பச் சொல்கிறது டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் தகவல் ஏடு). எல்சிடி எந்த நிலையில் இருந்தாலும் மூன்றாவது முறைக்குள் 8 பிட் நிலைக்கு வந்துவிடும்; பிறகு 2 அனுப்பி 4 பிட்டுக்கு மாற்றலாம். ஆனால் முதல் 3-க்குப் பின் 4.1 மில்லி வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. காரணம் உங்கள் நிரலிலேயே தெரிகிறது: கிளியர் கட்டளையின் முதல் பாதி 0. அதோடு இந்த 3 சேர்ந்தால் 03, அதாவது கர்சரை முதல் இடத்துக்குக் கொண்டுபோகும் ஹோம் கட்டளை. அதற்கும் 1.52 மில்லி வினாடி வேண்டும். உங்கள் 0.31-ல் அடுத்த இரண்டு 3-களும் வீணாகின்றன.

எஃப்_சிபியு வரியில் 16000000 என்று எழுதி மறுபடி கம்பைல் செய்யுங்கள். அப்புறம் எல்சிடியைத் தொடுவதற்கு முன்னால் ஓர் எல்இடியை 1000 மில்லி வினாடி எரிய, 1000 அணைய வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து 30 சிமிட்டல் எண்ணுங்கள். ஒரு நிமிடம் ஆனால் சிப்பின் கடிகாரம் சரி. கிரிஸ்டல் மாற்றிய எந்த போர்டிலும் என் மேசையில் முதலில் நடப்பது இந்தச் சோதனைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். வினாடிதோறும் கிளியர் செய்வதை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை போதும். பிறகு கர்சரை எண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் மேலேயே எழுதி, பின்னால் ஓர் இடைவெளி விட்டால் பழைய இலக்கம் மறைந்துவிடும். டேட்டாஷீட்டின் கால அளவுகள் 270 கிலோஹெர்ட்ஸ் கண்ட்ரோலருக்கானவை. 190 வரை மெதுவாக ஓடும் சிப்பும் அதே டேட்டாஷீட்டின்படி நல்ல சிப்தான். அதில் 1.52 என்பது 2.16 ஆகும். ஆகவே கிளியருக்கு 3 மில்லி வினாடி, எழுத்துக்கு 100 மைக்ரோ வினாடி வையுங்கள்.

கேள்வி: அர்டுயினோ ஊனோவில் நான்கு இலக்க ஏழு துண்டு டிஸ்ப்ளே. டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரைப் படிக்கும்போதெல்லாம் ஓர் இலக்கம் மட்டும் எரிந்து மற்றவை அணைந்துவிடுகின்றன. பக்கத்து இலக்கத்தின் சாயலும் மங்கலாகத் தெரிகிறது.
— பாளையங்கோட்டை மாணவி

பதில்: அந்த சென்சார் 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி வினாடி வரை எடுத்துக்கொள்ளும். அது முடியும்வரை லைப்ரரி உங்கள் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) பிடித்து நிறுத்திவிடுகிறது. இந்த டிஸ்ப்ளேயிலோ ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரியும்; வேகமாக மாற்றி மாற்றி எரிய வைப்பதால்தான் நான்கும் சேர்ந்து தெரிகின்றன. இலக்கங்களை மாற்றிவிட ஆள் இல்லை. டல்லாஸ் டெம்பரேச்சர் லைப்ரரியில் காத்திருப்பை நிறுத்திவிட்டு, அளக்கச் சொல்லி ஒரு வினாடி கழித்து மதிப்பை வாங்குங்கள். இலக்கம் மாற்றும் வேலையை லூப்பிலிருந்து எடுத்து டைமர்2 இன்டரப்டுக்கு (குறித்த நேரத்தில் லூப்பை இடைமறித்து ஓடும் பகுதி) கொடுங்கள்: 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்து, ஒப்பீட்டு மதிப்பு 249 வைத்தால் மில்லி வினாடிக்கு ஓர் இலக்கம், முழுத் திரை வினாடிக்கு 250 முறை.

சாயல் தெரிவது வரிசைப் பிழை. பழைய இலக்கத்தை முதலில் அணைத்து, அதன்பின் துண்டுகளின் பின்களை மாற்றி, கடைசியில் புதிய இலக்கத்தை ஏற்றுங்கள். டிரான்சிஸ்டர் வழியாக இலக்கங்களை இயக்கினால் அது அணையச் சில மைக்ரோ வினாடி எடுக்கும். அணைத்த பிறகு அந்தச் சின்ன இடைவெளியையும் விடுங்கள்.