டிஎன்எஸ் லாக்கில் பெயர் இருந்தால் ஆள் மாட்டிக்கொண்டாரா? கேள்வி பதில்

ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபியை, அதாவது எண் முகவரியைச் சொல்லும் அமைப்புதான் டிஎன்எஸ்; அதனிடம் வந்த கேள்விகளின் பதிவுதான் டிஎன்எஸ் லாக். நெட்வொர்க் தடயவியலில் இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): சார், டிஎன்எஸ் ரெக்கார்டுகள் பெரிய பட்டியலாக இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். ஏ ரெக்கார்டு ஒரு பெயருக்கு ஐபிவி4 முகவரி தரும், ஏஏஏஏ ஐபிவி6 முகவரி தரும். அந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று எம்எக்ஸ் சொல்லும். சிநேம், "என்னைக் கேட்காதே, அந்தப் பெயரைக் கேள்" என்று கைகாட்டும். டிஎக்ஸ்டியில் எதையும் எழுதலாம்; அதனால் நல்லவர்களுக்கும் பயன்படுகிறது, திருடர்களுக்கும் பயன்படுகிறது.

பிடிஆரிடம் மட்டும் ஏமாறாதீர்கள். ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் ரெக்கார்டு அது. ஐபி யார் கையில் இருக்கிறதோ அவர் தனக்குப் பிடித்த பெயரை அதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு வங்கியின் பெயர் வந்தால், அந்தப் பெயரின் ஏ ரெக்கார்டு அதே ஐபியைக் காட்டுகிறதா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (அலுவலக ஹெச்ஆர்): எங்கள் ஊழியர் ஒருவரின் ஐபியிலிருந்து சூதாட்டத் தளத்தின் பெயர் டிஎன்எஸ் லாக்கில் பதிவாகியிருக்கிறது. மெமோ கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த லாக் சொல்வது ஒன்றுதான்: இந்த நேரத்தில், இந்த ஐபியிலிருந்து, இந்தப் பெயருக்கு முகவரி கேட்டார்கள். கேட்டது ஆளா, மென்பொருளா என்று அதில் இருக்காது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் விளம்பரங்களுக்காக உலாவி பத்திருபது பெயர்களைக் கேட்கும். பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளின் பெயர்களை, நீங்கள் சொடுக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளும் உலாவிகளும் உண்டு.

இதே போன்ற ஒரு விவகாரம் என் கைக்கு வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். லாக்கில் 17:40 என்று இருந்தது. மாலை 5.40, வேலை நேரத்தில் சூதாட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த சர்வர் நேரத்தை யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 11.10. அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று டிஹெச்சிபி லாக்கை (எந்தக் கணினிக்கு எப்போது எந்த ஐபி கொடுக்கப்பட்டது என்ற பதிவை) பார்த்தால், வேறொரு லேப்டாப். மெமோ வாங்கியவர் அன்று ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்!

ஆகவே முதலில் நேரம், அப்புறம் டிஹெச்சிபி, அதன் பிறகு ப்ராக்ஸி அல்லது ஃபயர்வால் லாக். பெயருக்குக் கிடைத்த ஐபியோடு உண்மையில் இணைப்பு நடந்ததா, எவ்வளவு டேட்டா போய் வந்தது என்று பார்க்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு டிஎன்எஸ் பதிலோடும் அதன் ஆயுள் விநாடிக் கணக்கில் வரும்; அதுதான் டிடிஎல். டிடிஎல் 3600 என்றால், கிடைத்த பதிலை ஒரு மணி நேரம் வரை கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரத்தில் பத்து முறை போனாலும் லாக்கில் ஒரு வரிதான் இருக்கக்கூடும்.

கேள்வி (பயிற்சியில் இருப்பவர்): அண்ணா, பயிற்சிக்குத் தந்த பிகேப் கோப்பில் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்து வைத்த கோப்பு) ஒரே டொமைனின் கீழ் நூற்றுக்கணக்கான பெயர்கள். புள்ளிக்கு முன்னால் அர்த்தமில்லாத நீண்ட எழுத்துகள், பெரும்பாலும் டிஎக்ஸ்டி கேள்விகள். இது என்ன?

பதில்: டிஎன்எஸ் டன்னலிங்காக இருக்க நல்ல வாய்ப்பு. வெளியே போகும் மற்ற கதவுகளைப் பூட்டும் நிறுவனங்களும் பெயர் கேட்கும் கதவைத் திறந்துதான் வைத்திருக்கும். திருடியதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பெயர் மாதிரி மாற்றி, "இதற்கு முகவரி என்ன?" என்று கேட்டால் போதும். உங்கள் சொந்த டிஎன்எஸ் சர்வரே அதைச் சுமந்துபோய் திருடனின் சர்வரிடம் சேர்த்துவிடும். புள்ளிகளுக்கு இடையே ஒரு துண்டு 63 எழுத்துக்கு மேல் போக முடியாது, முழுப் பெயரும் 253-ஐத் தாண்டாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடத்த முடியும். கேள்விகளின் எண்ணிக்கை ஏறும். அங்கேதான் மாட்டுவார்கள்.

அந்தக் கோப்பைத் திறந்து படிக்க உதவும் வயர்ஷார்க் மென்பொருளில் பெயர்களைத் தனியே எடுத்து, ஒவ்வொரு டொமைனின் கீழும் எத்தனை வெவ்வேறு பெயர்கள் என்று எண்ணுங்கள். ஆனால் சில ஆன்டிவைரஸ்களும் கோப்பின் ஹாஷை (அதன் கைரேகை போன்ற குறியீட்டை) பெயராக்கி இப்படித்தான் கேட்கும். டொமைன் யாருடையது என்று பார்க்காமல் கூச்சல் போட வேண்டாம்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் 2020 டிசம்பரில் அம்பலமான சன்பர்ஸ்ட் என்ற தீய மென்பொருள் போன்றது தப்பிவிடும். நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்கைக் கண்காணிக்கப் பயன்படுத்திய சோலார்விண்ட்ஸ் ஓரியன் மென்பொருளின் அப்டேட்டோடு உள்ளே வந்த அது, இரண்டு வாரம் வரை சும்மா கிடந்தது. பிறகு தான் இருக்கும் நிறுவனத்தின் உள் டொமைன் பெயரைக் குறியீடாக்கி, ஏவிஎஸ்விஎம்கிளவுட் டாட் காம் என்ற டொமைனின் கீழ் ஒரு பெயராகக் கேட்டது. யார் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறோம் என்பது திருடர்களுக்கு அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. வேண்டியவர்களுக்கு மட்டும் சிநேம் பதில் அனுப்பி அடுத்த சர்வருக்குக் கூட்டிப்போனார்கள். பழைய டிஎன்எஸ் லாக் வைத்திருந்தவர்களால் "நாம் அந்த இரண்டாம் கட்டம் வரை போனோமா?" என்று தேட முடிந்தது. வைத்திருக்காதவர்களுக்கு அந்த வழி இல்லை.

கேள்வி (சிஸ்டம் அட்மின்): சம்பவம் நடந்தது மூன்று மாதத்துக்கு முன். இப்போது அந்த டொமைனைக் கேட்டால் வேறு ஐபி வருகிறது. அறிக்கையில் எதை எழுதுவது?

பதில்: இன்று வந்த பதிலை, இன்றைய பதில் என்றே தேதி போட்டு எழுதுங்கள். அன்றைய பதிலுக்கு உங்கள் சொந்த லாக்தான் முதல் சாட்சி. அது இல்லையென்றால் பாசிவ் டிஎன்எஸ்: எந்தப் பெயருக்கு எந்த ஐபி எப்போது பதிலாக வந்தது என்று சேர்த்து வைக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. அவற்றில் கிடைப்பது முதலில் பார்த்த நாளும் கடைசியாகப் பார்த்த நாளும்தான். இடைப்பட்ட எல்லா நாளும் அதே ஐபிதான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னொன்று: இந்தியாவில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம்தான் ஆகிறது, முதலில் உங்கள் சர்வரிலேயே தேடுங்கள்.

கேள்வி (பெயர் சொல்லாதவர்): எக்ஸ்என் என்று தொடங்கி, இரண்டு குறுங்கோடு போட்டு, புரியாத எழுத்துகளோடு டொமைன்கள் லாக்கில் வருகின்றன. வைரஸா?

பதில்: அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் இருக்கும் டொமைனை டிஎன்எஸ் அந்த வடிவில்தான் எடுத்துச் செல்லும்; பனிகோட் என்று பெயர். நம் தமிழில் உள்ள .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் லாக்கில் இப்படித்தான் தெரியும். பிரித்துப் பார்த்தால், தெரிந்த ஒரு ஆங்கிலப் பெயரில் ஒரே ஓர் எழுத்து மட்டும் ரஷ்ய எழுத்தாக மாறியிருந்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.

கேள்வி (அதே சிஸ்டம் அட்மின்): உலாவிகள் டிஎன்எஸ் கேள்விகளை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைத்து அனுப்பினால் என் லாக்கில் ஒன்றும் விழாதே?

பதில்: விழாது. அது 443 போர்ட்டில் சாதாரண வெப் போக்குவரத்து மாதிரியே போகும். அலுவலகக் கணினி என்றால் பாலிசி மூலம் அந்த வசதியை அணைத்துவிட்டு, உங்கள் சர்வரைத்தான் கேட்க வேண்டும் என்று வையுங்கள். வெளியே உள்ள பொது டிஎன்எஸ் சர்வர்களின் ஐபிகளுக்கு 443-இல் போகும் இணைப்புகளையும் ஃபயர்வாலில் கவனியுங்கள். அணைத்த பிறகும் ஒரு கணினி அங்கே போய்க்கொண்டிருந்தால், முதலில் அந்தக் கணினியைத் திறந்து பாருங்கள்.