நாலு கம்பிக்கு எத்தனை வருஷம்?

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன் மாடியில், ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் என் டபுள் பேஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள், "நாலு கம்பிதானே சார் இருக்கு, இதுக்கு எத்தனை வருஷம் படிக்கணும், படிச்சு என்ன வரும்?" என்று. அதற்குள் அவன் இறங்கி வந்துவிட்டான், நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். கடலூரிலிருந்து பஸ் ஏறி பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை வரை வந்தவரை அரைகுறைப் பதிலோடு அனுப்பியது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே கேள்வியோடு என்னிடம் ஆலோசனைக்கு வரும் மற்ற பெற்றோருக்கும் ஆகும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் பெயரோ அவன் பெயரோ போடவில்லை.

முதலில் அந்த வீடியோ. அவன் சர்ச் நண்பர்களோடு பேஸ் கிட்டார் வாசித்ததை உங்கள் போனில் காட்டினீர்கள். "எல்லாரும் வாசிக்கிறது கேக்குது, இவன் வாசிக்கிறது மட்டும் கேக்கவே மாட்டேங்குது" என்றீர்கள். அது அவன் குறை இல்லை, போனின் குறை. பேஸ் கிட்டாரில் தடித்த கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிரும், அவ்வளவு அடியில் இருக்கிற ஒலியை விரல் நகம் அளவு ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அதாவது உங்கள் பிள்ளை வாசிப்பதை நீங்கள் இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை, கேட்காமலேயே இது வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்றைக்கு ராத்திரி ஒரு நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே வீடியோவைக் கேளுங்கள். அப்புறம் உங்களுக்குப் பிடித்த இளையராஜா பாட்டு எதையாவது அதே ஹெட்போனில் கேளுங்கள். பாடுகிறவருக்குக் கீழே இன்னொரு குரல் தனியாக நடந்துபோவது தெரியும், அதுதான் பேஸ். இத்தனை வருஷமாக அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நடந்துபோவது என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையில் பேஸ்காரரின் அன்றாட வேலைக்கே 'வாக்கிங்' என்றுதான் பெயர். நாலு அடிக்கு நாலு சுரம், அடிக்கு ஒன்று, பாட்டு முடிகிற வரைக்கும் நிறுத்தாமல். நம் சங்கீதத்தில் நடை என்கிறோமே, அந்தச் சொல் அங்கேயும் இருப்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம். அந்த நாலு சுரத்தை யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். இப்போது இருக்கிற கார்டிலிருந்து, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டத்திலிருந்து, அடுத்த கார்டுக்கு எந்த வழியாகப் போவது என்று வாசிக்கும்போதே முடிவெடுக்க வேண்டும், மேலே சாக்ஸபோன்காரர் எங்கே பறந்தாலும் அவர் திரும்பி வந்து இறங்கத் தரை இருக்க வேண்டும். "அஞ்சு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டு விட்டுட்டான், எல்லாம் வீண்" என்று வருத்தப்பட்டீர்கள். வீணே இல்லை டீச்சர். நான் கொடுத்த ஒரு சின்ன இசைப் பகுதியை அவன் வாசித்தபோது, தப்பான சுரம் நாலைந்து விழுந்தது, காலம், அதாவது தாளத்தின் வேகம், மட்டும் அசையவே இல்லை. சுரத்தை நான் ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன், காலத்தை யாராலும் அப்படிச் சொல்லிக் கொடுக்க முடியாது, அது அந்த மிருதங்க வாத்தியார் கொடுத்தது.

நாலு கம்பிக்கு எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல முடியும். பதினாறு வயதில் சர்ச்சில் பேஸ் பிடித்தேன், இருபத்தியோரு வயதில் எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது ஆரோவில்லில் கொஞ்ச நாள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெரியவரிடம் போனேன். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 50 தட்டில் வைத்தார், ஒரே ஒரு சுரத்தை அடிக்கு ஒன்றாக வாசிக்கச் சொன்னார். ஒரு சாயங்காலம் முழுக்க அதே சுரம். முன்னால் விழுந்தது, பின்னால் விழுந்தது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் நாலு தட்டு சேர்ந்தாற்போல் சரியாக விழுந்தது, அந்த நாலு தட்டில் மெட்ரோனோம் சத்தமே காதில் கேட்கவில்லை, என் கம்பிச் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது விரல் நுனியில் கொப்புளம். அதை இன்றைக்கும் தினம் காலையில் பத்து நிமிஷம் செய்கிறேன். ஆக, சர்ச்சிலும் ஓட்டலிலும் சம்பளத்துக்கு வாசிக்க மூன்று வருஷம் போதும். ஜாஸ் வாசிக்கப் பத்து வருஷம் ஆகும், அதற்குப் பிறகும் படிப்பு தீராது.

சரி, பணம். இதில் எதையும் மறைக்க மாட்டேன்.

பேஸ்காரருக்கு வேலை கிடைக்கும், அது உண்மை. தெருவுக்குப் பத்துப் பேர் கிட்டார் வாசிக்கிறார்கள், பேஸ் வாசிக்க ஆள் தேடுவார்கள், எல்லாக் குழுவுக்கும் ஒருவர் வேண்டும். ஆனால் அந்த வேலை சம்பளம் மாதிரி ஒன்றாம் தேதி வருவதில்லை, மழை மாதிரி வரும். டிசம்பரில் கிறிஸ்துமஸும் நியூ இயரும் சேர்ந்து பாண்டிச்சேரி நிறைந்து வழியும், இசிஆர் ரிசார்ட்டுகள் எல்லாம் கூப்பிடும், ஒரே நாளில் இரண்டு இடம். தையிலும் சித்திரை வைகாசியிலும் கல்யாண வரவேற்புகள். ஆடியில் ஒன்றும் கிடையாது, புரட்டாசியிலும் அப்படித்தான், தவக்காலத்தில் சர்ச் பாட்டுகளும் அடங்கிவிடும். டிசம்பர் வருமானத்தில்தான் ஆடி மாதம் அரிசி வாங்க வேண்டும், இதைத் தெரிந்து வாழ்கிறவன் பிழைத்துக்கொள்வான், தெரியாதவன் கடன்காரன் ஆவான். தானே புயல் உங்களுக்கு மறக்காது, 2011 டிசம்பர் 30 காலையில் அடித்தது, உங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்த நேரத்தில் எங்கள் நியூ இயர் வருமானம் மொத்தமும் போனது, எங்கள் குழுவில் ஒருவர் அந்த ஜனவரியில் ஆம்ப்ளிஃபையரை விற்றார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேடையே இல்லை, இந்த ஆலோசனை வேலை மட்டும் இல்லை என்றால் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. புயலும் நோயும் யார் தப்பும் இல்லை. ஒரு விடுதியில் டிசம்பர் 31 ராத்திரி வாசித்ததற்கு மார்ச் மாதம் பாதிப் பணம் வந்தது, மீதி வரவே இல்லை, ஏனென்றால் எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. தம்பி முதல் மேடையிலிருந்தே வாட்ஸ்அப்பிலாவது தொகையையும் தேதியையும் எழுதி வாங்க வேண்டும், பாதியை முன்பணமாகக் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கூச்சமே படக்கூடாது.

சினிமா பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் கீத் பீட்டர்ஸ் மாதிரி பேஸ் வாசித்தே பெயர் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், மும்பையின் மோகினி டே சின்ன வயதிலேயே ஏ.ஆர்.ரஹ்மான் மேடையில் வாசித்தவர். ஆனால் இப்போது நிறையப் பாட்டுகளில் பேஸ் பகுதியை கீபோர்டிலேயே போட்டுவிடுகிறார்கள், அதனால் சினிமாவை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். இறங்கினால் ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறியீட்டை, பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை நம் ஊர்ப் பிள்ளைகள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள், காதால் வாசிக்கிறோமே போதாதா என்பார்கள், போதாது.

நீங்கள் அதிகமாகப் பயப்படுவது பணத்தைப் பற்றிக்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். "இந்த மாதிரி ஆளுங்கல்லாம் சீக்கிரம் கெட்டுப்போயிடுவாங்களாமே" என்றீர்கள். அதற்குப் பொய்யான ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. ஜாஸ் பேஸின் போக்கையே மாற்றிய ஜிம்மி பிளாண்டன் காசநோயில் 1942-இல் இறந்தபோது வயது 23. ஸ்காட் லஃபாரோ 1961-இல் கார் விபத்தில் போனார், வயது 25, அதற்குப் பத்துப் பதினோரு நாள் முன்புதான் நியூயார்க்கில் பியானோ கலைஞர் பில் எவான்ஸோடு வாசித்துப் பதிவுசெய்தார், அதை நாங்கள் இன்றும் பாடமாகக் கேட்கிறோம். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இல்லாத பேஸ் கிட்டாரைப் பாட வைத்த ஜாக்கோ பாஸ்டோரியஸுக்கு மனநோய் இருந்தது, 1987-இல் ஒரு கிளப் வாசலில் ஒருவரிடம் அடிபட்டு 35 வயதில் இறந்தார். இவர்களை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இவர்களில் யாரையும் கொன்றது வாத்தியம் இல்லை, வைத்தியம் எட்டாத நோய், ராத்திரிச் சாலை, உதவி சரியாகக் கிடைக்காத மனசு. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விதி போட முடியும். கச்சேரி முடிந்து நடுராத்திரி இசிஆரில் பைக் ஓட்டக்கூடாது, அங்கேயே படுத்து விடிந்ததும் வர வேண்டும். வாசிக்கிற இடத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று குடிக்கக்கூடாது. நாலு நாள் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை, பேசவில்லை என்றால் திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும், ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காதுக்கு இயர்பிளக் கட்டாயம். சார்லி ஹேடன் என்ற பெரிய பேஸ்காரர் பிற்காலத்தில் காது இரைச்சலால் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

நீண்ட நாள் வாழ்ந்தவர்களையும் சொல்ல வேண்டும். ரான் கார்ட்டர் 1937-இல் பிறந்தவர், முதலில் செல்லோ வாசித்தார், கறுப்பினத்தவர் என்பதால் சாஸ்திரிய ஆர்கெஸ்ட்ராக்களின் கதவு திறக்கவில்லை, பேஸ் பக்கம் வந்தார். இசையில் இளநிலை, முதுநிலை இரண்டும் முடித்தவர், கல்லூரியில் சொல்லிக் கொடுத்தவர். 2015-இல் கின்னஸ் கணக்கெடுத்தபோது அவர் வாசித்த இசைப்பதிவுகள் 2,221. சார்லஸ் மிங்கஸ், இந்தத் துறையின் பெரிய மேதைகளில் ஒருவர், 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் வருமானம் போதாமல் தபால் துறையில் வேலை பார்த்தார். இதை நான் தம்பியிடமும் சொன்னேன், ஏனென்றால் இன்னொரு வேலை பார்ப்பது தோல்வி என்று அவன் மனசில் இருக்கிறது. அப்படி இல்லை.

இனி படிப்பு. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடமும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறையும் நல்ல இடங்கள்தான், ஆனால் அங்கே நம் சங்கீதம், ஜாஸ் பேஸுக்கு அவை வழி இல்லை. சென்னையில் ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கிறது, இரண்டு வருஷம் கழித்து அவன் கை தயாரானால் அதை யோசிக்கலாம். டிரினிட்டி, ராக்ஸ்கூல் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் கிரேடு தேர்வுகளை இங்கிருந்தே எழுதலாம், எட்டாவது கிரேடு வரை போகட்டும், பின்னால் பள்ளிகளில் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுக்க அந்தச் சான்றிதழ் உதவும். அது பட்டம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அரசு வேலைக்கு அதைக் காட்ட முடியாது. அமெரிக்காவில் பாஸ்டனில் இருக்கிற பெர்க்லி கல்லூரி பற்றி அவன் கண் விரியப் பேசினான், நல்ல கல்லூரிதான், ஆனால் பதினேழு வயதில் அதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். என் கருத்து பி.காம். எதிலாவது சேரட்டும், காலை ஷிஃப்ட் கிடைத்தால் ரொம்ப நல்லது, மத்தியானம் இரண்டு மணிக்குமேல் நாலு மணி நேரம் அவன் கையில் இருக்க வேண்டும். பொறியியலில் தள்ளாதீர்கள், அந்த நாலு மணி நேரம் அங்கே கிடைக்காது, இரண்டும் கெடும்.

டபுள் பேஸ் இப்போது வாங்க வேண்டாம், லட்சத்தைத் தாண்டும், நம் கடல் காற்றில் அதைப் பராமரிப்பது தனி வேலை. இரவல் கிட்டாரில் வாசிக்கிறான், 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல பேஸ் கிட்டார் வாங்கிக் கொடுங்கள், பாதிப் பணம் அவன் சம்பாதித்துத் தரட்டும், சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்துத்தான் உறையில் வைக்க வேண்டும், இங்கே உப்புக் காற்றில் துடைக்காத கம்பி சீக்கிரமே சொரசொரவென்று ஆகிவிடும். அவன் துடைக்கிறானா என்று நீங்கள் சொல்லாமலேயே கவனியுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒத்திகைக்குப் போகிறானா, பிடிக்காத பாட்டையும் ஒழுங்காகப் படித்துப் போகிறானா என்பதையும் பாருங்கள். ஒரு வருஷம் கழித்து நீங்கள் சொல்லப்போகும் இந்த மூன்றையும் வைத்துத்தான் அடுத்ததை முடிவு செய்வேன், அவன் எவ்வளவு வேகமாக வாசிக்கிறான் என்பதை வைத்து அல்ல.

ஜூன் 21 இசை நாள், பிரான்சில் 1982-இல் தொடங்கியது, பாண்டிச்சேரியிலும் கொண்டாடுவார்கள். அன்றைக்கு எங்கள் குழுவில் ஒரு பாட்டுக்கு அவனை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் வாருங்கள். மேடைக்கு நேர் முன்னால் நிற்காமல் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள், அங்கேதான் பேஸ் நன்றாகக் கேட்கும். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டுக் காலையில் போகலாம், என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். பி.காம். விண்ணப்பத்தை மட்டும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள்.