கேம்பர் கூரையில் வளையும் சோலார் பேனல்: ஒட்டுவதா, முடுக்குவதா?

கேள்வி: அடிலெய்டில் வசிக்கிறோம். கூரை மேலே எழும்பும் பாப்-டாப் கேம்பர் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். கூரை ஃபைபர்கிளாஸ். 100 வாட் வளையும் சோலார் பேனல்கள் இரண்டு கையில் இருக்கின்றன. ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரைப் பார்த்துவிட்டுக் கூபர் பீடி வரை போகத் திட்டம். கடைக்காரர் சிலிக்கோன் பசை போதும் என்கிறார். மைத்துனர் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போடச் சொல்கிறார். நண்பர் ஒருவர் இருபக்க டேப்பே தாங்கும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சிலிக்கோனை முதலில் தள்ளிவிடுங்கள். குளியலறைத் தொட்டியின் ஓரத்தை அடைக்க அது நல்ல பொருள்; நெடுஞ்சாலைக் காற்றில் ஒரு பேனலைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பு போதாது. வினிகர் வாடை அடிக்கும் வகையாக இருந்தால் உலோகத்தையும் அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. எவ்வளவு சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று மிஞ்சிவிடும்.

மைத்துனருடைய யோசனைக்கும் எனக்கு உடன்பாடில்லை. மூலைகளில் இருக்கும் உலோகக் கண்கள் கயிறு போட்டுக் கட்ட உதவும். ஓடும் வண்டியில் அவற்றை மட்டும் நம்ப முடியாது. நான்கு மூலையை முடுக்கினால் நடுப்பகுதி பிடிப்பில்லாமல் துடித்துக்கொண்டே வரும். உள்ளே இருக்கும் செல்கள் 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சிலிக்கான் வில்லைகள். மேலுறை எத்தனை முறை வளைந்தாலும் தாங்கும், வில்லை தாங்காது. உங்கள் வழியில் வரப்போகிற சரளைச் சாலைகளின் அலைமேடுகளில் மயிரிழை விரிசல்கள் விழும். விரிசல் விட்ட செல் மின்சாரத்தைத் தடுத்துச் சூடேறும். சில மாதங்களில் அந்த இடம் பழுப்பாகக் கருகத் தொடங்கும். தவிர, ஃபைபர்கிளாஸ் கூரை பெரும்பாலும் நடுவில் நுரை வைத்த அடுக்குப் பலகை. துளை வழியே நீர் இறங்கினால் நுரை ஊறி, மேல்தோல் உப்பி, கூரையே கெட்டுப்போகும்.

காற்றின் கணக்கைத் தெரிந்துகொண்டால் எங்கே கவனம் வேண்டும் என்பது தானாகவே புரியும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 58 கிலோ எடைக்குச் சமம். 100 வாட் பேனலின் பரப்பு அரைச் சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். முன்விளிம்பு ஒரு விரல் அளவு தூக்கிக்கொண்டு காற்று அடியில் புகுந்துவிட்டால், 30 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதைப் பிய்த்தெடுக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பல டிரெய்லர்களை இழுத்து வரும், 50 மீட்டருக்கும் நீளமான ரோடு ட்ரெயின் லாரி எதிரே கடக்கும்போது வண்டியே ஆடும். அந்த அடியைக் கூரையும் வாங்கும். ஆகவே நான்கு விளிம்புகளில் முன்விளிம்புதான் உயிர்நிலை. அதில் இடைவெளியே இருக்கக் கூடாது.

அப்படியானால் நல்ல பாலியூரிதேன் பசையைப் பூசிக் கூரையிலேயே ஒட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படி ஒட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது சூடு. பேனலின் வாட் கணக்கு, உள்ளிருக்கும் செல்களின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கூரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனல் கோடை நண்பகலில் 70 டிகிரியை எளிதில் எட்டும். அப்போது 100 வாட் என்பது 82 வாட்தான். அந்தச் சூடு உங்கள் படுக்கைக்கு நேர் மேலேயும் இறங்கும்.

இரண்டாவது ஆயுள். கண்ணாடிப் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். வளையும் பேனல் அத்தனை காலம் உழைக்காது. என்றோ ஒரு நாள் அதைக் கழற்றியாக வேண்டும். முழுப் பரப்பும் பசை பூசி ஒட்டியிருந்த ஒரு பேனலை நான் ஒரு முறை கழற்றியிருக்கிறேன். கார் முன்கண்ணாடியை அறுத்தெடுப்பதுபோல், மெல்லிய எஃகுக் கம்பியின் இரு முனைகளிலும் மரக்கட்டை கட்டி, இருவர் இரு பக்கம் நின்று இழுத்தோம். அரை நாள் ஆயிற்று. கடைசியில் கூரையின் பளபளப்பான மேற்பூச்சும் திட்டுத் திட்டாகப் பசையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கூரையிலும் நான் பேனலை நேராக ஒட்டுவதில்லை.

நான் செய்வது இதுதான். பேனலைவிட நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் பெரிதாக, 1.2 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அலுமினியத் தகடு வெட்டிக்கொள்வேன். பேனல் அந்தத் தகட்டில் ஒட்டும். கூரையில் 20 மில்லிமீட்டர் உயரமுள்ள அலுமினியச் சட்டங்களை வண்டியின் நீளவாக்கில், 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, பாலியூரிதேன் பசையால் ஒட்டுவேன். தகட்டைச் சட்டங்களின் மேல் வைத்துச் சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களால் முடுக்குவேன். சட்டத்தின் உயரத்தைத் தாண்டாத ஸ்க்ரூவாகப் பார்த்து வாங்குங்கள்; கூரையில் ஒரு துளைகூட விழக் கூடாது. கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் ஸ்க்ரூவின் புரியில் அரிப்புத் தடுப்புப் பசை தடவுவது நல்லது. உப்புக் காற்றில் ஸ்டெயின்லெஸ் எஃகும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும்.

முன்பக்கம் சரிவாக மடித்த ஓர் அலுமினியப் பட்டையைக் கூரையிலிருந்து தகடு வரை வைத்து, ஒரு கோடு விடாமல் பசையால் மூடுங்கள். பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் திறந்தே விடுங்கள். வண்டி நிற்கும்போது சூடான காற்று வெளியேற வேண்டும், மழைநீர் வடிய வேண்டும்.

எடை கூடுமே என்ற கவலை நியாயமானது. பேனல் ஏறத்தாழ 2 கிலோ, தகடு 2 கிலோ, சட்டங்கள் கொஞ்சம். இரண்டு பேனலுக்கும் சேர்த்து 10 கிலோவுக்குள் அடங்கும். கண்ணாடிப் பேனல்களாக இருந்தால் அவை மட்டுமே 15 கிலோ. உங்கள் கூரையைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட் எவ்வளவு தாங்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி வேலை பசையில் இருக்கிறது என்றால் மீதிப் பாதி துடைப்பதில் இருக்கிறது. பழைய வண்டி என்றால் யாராவது மெழுகுப் பாலிஷ் போட்டிருப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, உரசும் பஞ்சால் மெல்லத் தேய்த்து மினுமினுப்பை மங்கச் செய்யுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்துத் துடைத்து, அது உலர்வதற்கு முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தானாக உலரவிட்டால் அழுக்கு கரைந்து அங்கேயே படிந்துவிடும். துணி வெள்ளையாகவே வரும்வரை செய்யுங்கள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைமேல் உருள்வதுபோல் முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் போகவில்லை. படலமாகப் பரவினால் சுத்தம். காயவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பசையைக் கரண்டியால் முழுக்கப் பரப்பக் கூடாது. பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். முழுக்கப் பரப்பினால் நடுவில் ஈரம் எட்டாமல் வாரக்கணக்கில் இறுகாமலே கிடக்கும். கோடு கோடாக, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் போடுங்கள்; பேனலின் முன்விளிம்பில் மட்டும் குறுக்கே ஒரு முழுக்கோடு. அழுத்தும்போது பசை 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நிற்கட்டும். வெயிலில் அலுமினியமும் பேனலும் வெவ்வேறு அளவில் விரியும், அந்த இழுப்பைத் தாங்கத் தடிமன் வேண்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கி நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் அளவே இறுகும் என்பதால் ஒரு வாரம் வண்டியை எடுக்காதீர்கள்.

நண்பர் சொன்ன டேப்பும் தவறான பொருளல்ல. நுரைபோன்ற அக்ரிலிக் டேப் உண்மையிலேயே வலுவானது. ஆனால் அது மேடுபள்ளத்தை மன்னிக்காது, குளிரில் பிடிக்காது, முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் எடுக்கும். சமமான தகட்டில் பேனலை ஒட்ட அதைப் பயன்படுத்தலாம். பழைய ஃபைபர்கிளாஸ் கூரையில் நான் நம்புவது பசையை.

வயரில் ஒரு சேதி. ஆஸ்திரேலிய வாகனக் கடைகளில் 6 மில்லிமீட்டர் என்று விற்கும் வயரில் அந்த 6 என்பது உறையோடு சேர்ந்த விட்டம்; உள்ளே செம்பு ஏறத்தாழ 4.6 சதுர மில்லிமீட்டர்தான். சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். வயரைக் காற்றில் ஆடவிடாமல் தகட்டின் அடியிலேயே கட்டி, கூரை எழும்பும் இடத்தில் தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். மரநிழலில் நிறுத்துவீர்கள் என்றால் இரண்டு பேனலையும் இணையாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைப்பது மேல். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும்.

புறப்பட்டபின் முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு சரளைச் சாலை முடியும் ஒவ்வொரு இடத்திலும், பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும், சிறு ஏணியில் ஏறி முன்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் உள்ளே நுழைகிற இடம் ஏதாவது இருந்தால், மேலே போகாமல் அங்கேயே துடைத்துப் பசை வைத்து, அதன்மேல் அகலமான டேப் ஒட்டி, அன்றைய இரவை அந்த ஊரிலேயே கழித்துவிடுங்கள்.