தண்ணீருக்குள் ஒரு முகம்: வாசகர் கேள்வி - பதில்

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி பார்க்கவே மனம் வருவதில்லை. தண்ணீருக்கடியில் எடுத்த படங்களைப் பார்த்தபோது எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. நீச்சல் தெரியாது. முடியுமா?
- வாசகி, கோவை

தாராளமாக முடியும். நெஞ்சளவுத் தண்ணீருள்ள நீச்சல்குளம் போதும். முகம் ஒரு முழம் கீழே போனாலே படம் கிடைத்துவிடும். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்: தையல் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருந்தால், கையில் வீக்கம் இருந்தால், அதையும் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாமே மூச்சில்தான் இருக்கிறது. நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்கினால் உடம்பு மிதக்கும், கன்னம் உப்பும். பாதி மூச்சை மெல்ல விட்டபடி இறங்குங்கள், அமிழ்வது எளிதாகும். மூக்கு வழியாகத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் ஏறாது. ஐந்து முதல் பத்து விநாடி போதும். அதிக நேரம் தாங்கலாம் என்று வேகவேகமாக மூச்சிழுத்துப் பயிற்சி செய்யவே கூடாது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். கேமராவைத் தொடாத ஒருவர் கையெட்டும் தூரத்தில் நின்றாக வேண்டும்.

ஐந்தரை மீட்டர் புடவை காலைச் சுற்றும், ஆபத்து. இரண்டு மீட்டர் ஷிஃபான் துணி அழகாக விரியும். பருத்தி நீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். தலைக்கு எண்ணெய் வேண்டாம். முடி திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும். நடுங்க ஆரம்பித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

உள்ளே தோளின் பாரம் இறங்கும். வெயில் நேரமென்றால் அலையின் ஒளிக்கோடுகள் தழும்பின் மேல் ஓடும். அதை மறைப்பதா, காட்டுவதா என்பது உங்கள் முடிவு. எந்தப் படம் இருக்கும், எது அழியும், யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். இது மனநல ஆலோசனைக்கு மாற்று அல்ல, ஆனால் உங்கள் உடம்பை நீங்களே புதிதாகப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பு.

தங்கையை மொபைலில், தண்ணீர் புகாத உறையில் வைத்து எடுத்தேன். நீலமாகவும் வெள்ளைப் புள்ளிகளாகவும் வருகிறது. ஏன்?
- வாசகர், மதுரை

புள்ளிகளுக்குக் காரணம் ஃபிளாஷ். லென்ஸை ஒட்டியே இருப்பதால் நடுவில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்புகிறது; அணைத்துவிடுங்கள். நீலத்துக்குக் காரணம் தூரம். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். மேற்பரப்பிலிருந்து முகம் வரை, முகத்திலிருந்து லென்ஸ் வரை என இரண்டு தூரமும் கணக்கில் சேரும். ஒரு மீட்டருக்குள் நெருங்குங்கள்; பகல் 11 மணி முதல் 1 மணி வரை எடுங்கள்; உள்ளேயே ஒரு வெள்ளைத் தட்டைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) வையுங்கள். ஷட்டர் வேகம் 1/250 விநாடி இருந்தால் முடி கலங்காது.

தோலிலும் துணியிலும் குமிழி ஒட்டியிருக்கும். எடுக்குமுன் உள்ளேயே கையால் தடவி விடுங்கள். தொடுதிரை நீரில் சரியாக வேலை செய்யாது, வால்யூம் பட்டனால் எடுங்கள். உறையின் உட்பக்கம் ஆவி படிந்தால், ஏசி அறையில் மூடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வையுங்கள்.

நீருக்கடியில் முதலில் படமெடுக்கப்பட்ட மனிதர் யார்?
- வாசகி, திருச்சி

பொதுவாகச் சொல்லப்படுபவர் ருமேனிய உயிரியலாளர் எமில் ரகோவிட்சா. 1899-இல், பிரான்சின் பான்யுல்ஸ் கடற்கரையில், முக்குளிப்பு உடையில் நின்ற அவரைப் பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூட்டான் படமெடுத்தார்.