32-வது மாடி எங்கே போனது?
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் லாஸ் வேகஸில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நானும் அவன் அப்பாவும் போகிறோம். ஊர் சுற்றிக் காட்ட வசதியாக இருக்கும் என்று மாண்டலே பே ஹோட்டலில் இரண்டு நாள் ரூம் போட்டிருக்கிறானாம். எதிர் வீட்டுக்காரர், "அங்கிருந்துதானே ஒருத்தன் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான்?" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. — விருத்தாசலம் வாசகி (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: எதிர் வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான் அம்மா. 2017 அக்டோபர் 1, ஞாயிறு இரவு. ஹோட்டலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி ஒரு திறந்த மைதானம். மூன்று நாள் இசை விழாவின் கடைசி நாள். ஜேசன் ஆல்டீன் என்ற பாடகர் மேடையில் இருந்தார். கூட்டம் சுமார் 22,000 பேர். மணி 10:05-க்கு, ஹோட்டலின் 32-வது மாடியில் தங்கியிருந்த 64 வயதுக்காரன் ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சுட ஆரம்பித்தான். பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேல் குண்டுகள். முதல் சத்தத்தைப் பட்டாசு என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். மேடையில் பாட்டுகூட உடனே நிற்கவில்லை. போலீஸ் அறைக்குள் நுழைவதற்குள் தன்னையும் சுட்டுக்கொண்டுவிட்டான்.

ரூமை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு 32-வது மாடி கிடைக்காது. அந்த நம்பரே இப்போது அங்கே இல்லை. 2018-ல் 31 முதல் 34 வரை இருந்த மாடிகளுக்கு 56 முதல் 59 என்று நம்பர் மாற்றிவிட்டார்கள். மாடி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தூக்குப் போட்டுக்கொண்ட வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிற சமாசாரம்தான். "57-ல் ரூம் கொடுத்தால்?" என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். வேறு மாடி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏன் சார் அப்படிச் செய்தான்? — கும்பகோணம் வாசகர்

பதில்: தெரியாது. நான் தட்டிக்கழிக்கவில்லை. உள்ளூர் போலீஸ் 2018 ஆகஸ்டில் விசாரணையை முடித்தபோது காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதியது. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் 2019 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றார்கள். ஓய்வு பெற்ற கணக்கர், வீடு வாங்கி விற்றுச் சம்பாதித்தவன், சூதாடி. மதவெறியா, அரசியலா என்று தேடினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அவன் பெயரை நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் விட்டேன்.

கேள்வி: என் அப்பாவிடம் தோட்டக் காவலுக்கு ஒரு துப்பாக்கி லைசன்ஸ் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் போதும், ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்புவார். அங்கே அந்த ஆள் ஒரே வருடத்தில் 50-க்கு மேல் வாங்கினானாமே. ஒருவரும் கேட்கவில்லையா? — தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: வாங்கினான், சட்டப்படியே வாங்கினான். கடையில் பின்னணி விசாரணை உண்டு. அவன் மேல் கேஸ் ஏதும் இல்லை, அதனால் தேறிவிட்டான். கைத்துப்பாக்கியை ஐந்து வேலை நாளுக்குள் இரண்டு வாங்கினால் கடைக்காரர் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ரைபிள் மாதிரி நீளத் துப்பாக்கிக்கு அந்த விதி மெக்சிகோ எல்லையை ஒட்டிய நான்கு மாநிலங்களில் மட்டும்தான். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா அதில் சேராது. உங்கள் அப்பாவின் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஹோட்டலுக்குள் எப்படிக் கொண்டுபோனான் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். பெட்டியில்தான். சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக 20-க்கும் மேற்பட்ட பெட்டிகள். ஹோட்டல் ஊழியர்களே சிலவற்றைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்கள். சூதாட்ட ஊரில் பெட்டி அதிகமாக வைத்திருப்பவரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்!

கேள்வி: அதன் பிறகாவது சட்டம் மாறியதா? — மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: மாறியது, அப்புறம் மாறியது மாறிப்போனது. கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் விசையை ஒரு முறை அழுத்தினால் குண்டுகள் தொடர்ந்து பாயும் இயந்திரத் துப்பாக்கி சாதாரண ஆளுக்குச் சுலபத்தில் கிடைக்காது. 1986-க்குப் பிறகு செய்ததை வாங்கவே முடியாது. ஆனால் பம்ப் ஸ்டாக் என்று ஒரு சாமான் உண்டு. துப்பாக்கியின் அடிக்கட்டைக்குப் பதில் மாட்டுவது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் இல்லையா? அந்த உதையில் துப்பாக்கி பின்னே போய், முன்னே தள்ளும் இடது கையால் திரும்ப வந்து, அசையாமல் வைத்த விரலில் விசை தானாக மோதும். மோத மோதக் குண்டு. விரல் சும்மா இருக்கும். தையல் மிஷின் ஊசி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் இருந்த துப்பாக்கிகளில் சுமார் ஒரு டஜனுக்கு இது மாட்டியிருந்தது.

டிரம்ப் அரசு 2018 டிசம்பரில் இதையும் இயந்திரத் துப்பாக்கி என்று அறிவித்து, 2019 மார்ச்சில் தடை அமலுக்கு வந்தது. வைத்திருந்தவர்கள் உடைத்துப்போட வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். டெக்சாஸில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஒருவர் தன்னிடம் இருந்த இரண்டையும் ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தடையை ரத்து செய்தது. காரணம் என்ன தெரியுமா? பழைய சட்டத்தில் "விசையின் ஒரே இயக்கத்தில்" பல குண்டு பாய வேண்டும் என்று இருக்கிறது. இதில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒரு முறை இயங்குகிறதாம். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தீர்ப்புக்குள் விசையின் உள்பாகத்தைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். மெக்கானிக் கடையில் ஒட்டி வைக்கிற படம் மாதிரி. இலக்கண ரீதியாக அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். இலக்கண ஆசிரியராக இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள். சோனியா சோட்டோமேயர் எதிர்த்து எழுதிய தீர்ப்பில், வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் அதை வாத்து என்றுதான் சொல்வேன் என்றார். என் ஓட்டு வாத்துக்குத்தான்.

நெவாடா மாநிலம் 2019-ல் தானே தனியாக ஒரு தடைச் சட்டம் போட்டுக்கொண்டது. அது மாநிலச் சட்டம் என்பதால் இந்தத் தீர்ப்பு அதைத் தொடவில்லை.

கேள்வி: சுடப்பட்டவர்கள் மேலேயே ஹோட்டல் முதலாளி கேஸ் போட்டார் என்று கேள்விப்பட்டேன். வதந்தியா? — சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

பதில்: வதந்தி இல்லை. 2018 ஜூலையில் ஹோட்டலை நடத்தும் எம்.ஜி.எம். நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேல் வழக்குப் போட்டது. பணம் கேட்டு அல்ல. "எங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அறிவியுங்கள்" என்று. 2002-ல் வந்த ஒரு பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற காவல் நிறுவனத்தை விழாவுக்கு வைத்திருந்தோம், ஆகவே அந்தச் சட்டம் எங்களைக் காப்பாற்றும் என்பது வாதம். காலில் குண்டு வாங்கியவன் வீட்டுக்குச் சம்மன்! ஊர் காறித் துப்பியது. 2020 செப்டம்பரில் 80 கோடி டாலருக்குச் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. பெரும்பகுதி இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்தது. நாலாயிரத்துக்கும் அதிகமானோருக்குப் பங்கு. நீங்கள் படிக்க வேண்டிய வழக்கு.

கேள்வி: அங்கே நல்லது எதுவுமே நடக்கவில்லையா? — திருவாரூர் வாசகி

பதில்: ஆம்புலன்ஸ் போதவில்லை. டாக்சியிலும் முன்பின் தெரியாதவர்கள் காரிலும் ஆட்களை ஏற்றினார்கள். ராணுவத்தில் இருந்த ஓர் இளைஞர், சாவியோடு நின்ற யாரோ ஒருவருடைய பிக்கப் வண்டியை எடுத்து, பின்னால் அடுக்கி, இரண்டு நடை அடித்தார். அப்புறம் வண்டிக்காரரைக் கண்டுபிடித்து சாவியைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த சன்ரைஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அன்றிரவு 200 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியவர்கள் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளுங்கள், திருவிழாக் கூட்டத்திலும் உதவும், ரோட்டு விபத்திலும் உதவும். விடிந்ததும் ரத்தம் கொடுக்க நின்ற வரிசை மணிக்கணக்கில் நகர்ந்தது.

விழா நடந்து ஒரு வாரம் ஆவதற்குள் ஊர்க்காரர்களே ஒரு காலி மனையில் மரக்கன்று நட்டு தோட்டம் போட்டுவிட்டார்கள். நான் 2022-ல் மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். நல்ல வெயில். ஒரு மரத்தடியில் கௌபாய் தொப்பி, நிறம் போயிருந்தது. இன்னொன்றின் கீழ் பெயர் எழுதிய கூழாங்கற்கள், பக்கத்தில் பிரிக்காத பீர் டப்பா ஒன்று. இறந்தவருக்குப் பிடித்ததாக இருக்கும் என்று மகள் சொன்னாள்.

58 மரங்கள், நடுவில் ஓர் ஓக். தோட்டம் போட்டபோது இறந்தவர் எண்ணிக்கை 58. அன்று குண்டடி பட்ட இரண்டு பெண்கள் பிறகு அந்தக் காயத்தாலேயே இறந்தார்கள், ஒருவர் 2019-ல், மற்றவர் 2020-ல். போலீஸ் கணக்கு இப்போது 60. விருத்தாசலம் அம்மா, மகனிடம் சொல்லி ஒரு காலை அங்கே போய்விட்டு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் போங்கள், குடை எடுத்துப் போங்கள்.