நர்ஸ்கள் எழுதும் குறிப்புக்குத் தனிச் சொல்தொகுதி எதற்கு?

"டாக்டர்களின் நோய்க் குறியீடுகளே கணினியில் இருக்கும்போது செவிலியருக்குத் தனியாக எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டர் 'பக்கவாதம்' என்று பதிந்தால் அது நோய். அந்த நோயாளிக்கு விழுங்க முடியவில்லை, தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை, படுக்கைப் புண் வரலாம் என்பதெல்லாம் நர்ஸ் கவனிப்பது. ஒரே படுக்கைப் புண்ணை ஒருவர் 'முதுகு சிவந்திருக்கிறது' என்பார், இன்னொருவர் 'தோல் உரிகிறது' என்பார். படிக்கிற மனிதருக்குப் புரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. அப்புறம் வார்டில் எத்தனை பேருக்குப் புண் வந்தது என்று எப்படி எண்ணுவது? அதனால்தான் எல்லா நர்ஸ்களும் ஒரே பெயரால் எழுத ஒரு பொதுச் சொல்தொகுதி வேண்டும்.

இந்தச் சிக்கல் பழையது. 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிறிஸ்டின் கெபி, மேரி ஆன் லாவின் இருவரும் மாநாடு கூட்டி, செவிலியர் கண்டறியும் பிரச்சினைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அதுவே பிறகு நாண்டா பட்டியலானது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் பராமரிப்புச் செயல்களையும் விளைவுகளையும் தனித்தனியாகத் தொகுத்தது. அங்கே ஒமாஹா நகரில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் தங்களுக்கென ஒரு தொகுதி செய்துகொண்டார்கள்.

சரி, பொதுமொழி தேடப் போய்ப் பல மொழிகள் ஆகிவிட்டன! அவற்றை இணைக்கத்தான் சர்வதேச செவிலியர் கவுன்சில் ஐசிஎன்பி (செவிலியர் பணிக்கான சர்வதேச வகைப்பாடு) என்ற தொகுதியை உருவாக்கியது. இப்போது அது ஸ்னோமெட் சிடி என்ற பெரிய மருத்துவச் சொல்தொகுதியோடு சேர்த்து வெளியிடப்படுகிறது.