மண்ணை அள்ளிவிட்டுப் போய்விட்டார்கள், அக்கா

கேள்வி: அக்கா, எங்கள் தாமான் (குடியிருப்பு) ஒரு காலத்தில் பால்மரத் (ரப்பர்) தோட்டம். இப்போது செம்பனை லாரிகள் ஆலைக்குப் போகும் வழி. மழை பிடித்தால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) தண்ணீர் தமிழ்ப்பள்ளி வாசல் வரை ஏறிவிடுகிறது. போன வருடம் ஊராட்சி மன்றத்தின் பட்ஜெட் கலந்துரையாடலில் எழுந்து நின்று சொன்னேன். ஒரே வாரத்தில் ஆள் வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மழைக்குப் பழையபடி தண்ணீர். இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத மன்றத்திடம் போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது?
- ஒரு வாசகி, சிலாங்கூர், மலேசியா

பதில்: போங்கம்மா. ஆனால் போன தடவை போன மாதிரி போகாதீர்கள்.

22 வருடம் ஒரு மாவட்ட மன்றத்தின் நிதிப் பிரிவில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவள் நான். என்ன நடந்திருக்கும் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. "லோங்காங் அடைத்துக்கொள்கிறது" என்று சொல்லியிருப்பீர்கள். அதை அடுவான், அதாவது புகார், என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். அடுவானுக்கு ஆள் அனுப்பி மண்ணை அள்ளினால் ஃபைலை மூடிவிடலாம். அந்தச் செலவு பராமரிப்புக் கணக்கில் போய்விடும். உங்களுக்கு வேண்டியதோ அகலமான புது லோங்காங். அது மேம்பாட்டுச் செலவு. அடுத்த வருட வரவு செலவு மதிப்பீட்டில் அந்த வேலை தன் பெயரோடு ஏறினால்தான் அதற்குக் காசு. எத்தனையோ நல்ல கோரிக்கைகள் இப்படி அடுவான் புத்தகத்திலேயே அடங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை இன்னும் எனக்கு இருக்கிறது.

முதலில் அந்த லோங்காங் யாருடையது என்று பாருங்கள். பெரிய சாலையை ஒட்டி இருந்தால் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரைக் கேட்க வேண்டியிருக்கும். ஆற்றில் போய் விழும் பெரிய வாய்க்கால் என்றால் வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜே.பி.எஸ். தாமான் கட்டிய நிறுவனம் சாலையையும் கால்வாயையும் மன்றத்திடம் இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால், மன்றம் காசு போடாது. நம் தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. லயத்துச் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) சாலை தோட்டத்துக்காரன் நிலம், அதனால் வெளியிலிருந்து யாரும் தார் போட வரமாட்டார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். உங்கள் தாமான் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் மன்றத்திடம் மனுக் கொடுத்துக் கேட்கலாம்.

அடுத்தது காலம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மன்றம் அடுத்த வருட வரவு செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே தயாரித்து, சிறப்புக் கூட்டத்தில் நிறைவேற்றி, மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் பட்டியலை வருட நடுவிலேயே எங்களிடம் கொடுத்துவிடும். தீபாவளி நெருங்கும்போது வந்து கேட்பவர்களிடம், வருத்தத்தோடு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அதனால் கலந்துரையாடலுக்குக் காத்திருக்காமல் பொறியியல் பிரிவுக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். நகல் உங்கள் பகுதி மன்ற உறுப்பினருக்கும் இந்திய சமூகத் தலைவருக்கும் போகட்டும். முத்திரை குத்திய பிரதியை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பட்டணத்தில் கோயில் தெருப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். லோங்காங்கின் நீள அகலத்தை அளந்தோம். காலை ஆறிலிருந்து எட்டு வரை அந்த வழியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளை எண்ணினோம். பக்கத்து வரிசை மலாய்க்கார வீடுகளும் கையெழுத்துப் போட்டன; தண்ணீர் அவர்கள் வீட்டுக்கும்தானே வருகிறது. "எத்தனை மீட்டர்" என்று அதிகாரி கேட்டபோது எங்களில் ஒருத்தி உடனே எண்ணைச் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார். அந்த வருடம் பாதி நீளத்துக்குத்தான் பணம் வந்தது. மீதிக்கு மறு வருடமும் போனோம்.

தேர்தல் இல்லையே என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். நம் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையமே, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 சட்டப்படி தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. ஓட்டு இல்லாத இடத்தில் பட்ஜெட்டில் பேசும் உரிமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதே சட்டத்தில் மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்றும் இருக்கிறது. மூடுவதென்றால் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும். போய் உட்கார்ந்து கேளுங்கள்.

தேநீரும் பிஹூனும் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசவிட்டு அனுப்புவதைப் பங்கேற்பு என்று நான் ஏற்கமாட்டேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இலிருந்து எதற்குப் பணம் போடுவது என்பதை மக்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். அவ்வளவு தூரம் ஏன்? பினாங்கில் 2012 முதல் மக்கள் வீடமைப்பு அடுக்ககங்களில் செய்து பார்த்தார்கள். யார் குடியிருக்கிறார்கள் என்று ஆண், பெண், வயது வாரியாக எண்ணி, குழுக் குழுவாகப் பேசவைத்து, பிறகு எது முதலில் வேண்டும் என்று அவர்களையே வாக்களிக்க வைத்தார்கள். நம் மன்றங்களும் ஒரு சிறு தொகையையாவது இப்படி ஒதுக்கட்டும். இதையும் அந்தக் கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மதிப்பீட்டு வரி வீட்டுக்காரர்தான் கட்டுகிறார். நாங்கள் பேசலாமா?
- ஒரு வாசகர், பேராக்

பதில்: தாராளமாகப் பேசலாம் தம்பி. பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டுக் கடைசியிலும் அவர் கட்டும் வரி உங்கள் வாடகையிலிருந்துதான் போகிறது. குப்பையும் தண்ணீரும் நிற்பது நீங்கள் இருக்கும் வாசலில்.

கேள்வி: எனக்கு வயது 63. மலாய் சரளமாக வராது. கூட்டத்தில் கூச்சமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, கெடா

பதில்: அம்மா, மூன்று வரி போதும். எந்த இடம், என்ன வேலை, எத்தனை வீடு. பேரப்பிள்ளையிடம் சொல்லி மலாயில் எழுதி வாங்கிக்கொண்டு, நீங்களே எழுந்து நின்று வாசியுங்கள். என் அம்மா பால் வெட்டியவர். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல, தொரை (தோட்ட நிர்வாகி) பங்களா படிக்குக் கீழே காலையிலிருந்து நின்றார். கிராணி வெளியே வந்து, தண்டலிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல் என்று திருப்பி அனுப்பினார். அன்று நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு அந்த மண்டபத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள். முன் வரிசையில் உட்காருங்கள்.